கணவாயில் எடுத்த கல்

காற்று மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. பாறை இடுக்கில் முளைத்த முட்செடி, ஹம்முவின் கம்பளி அங்கியின் நுனி, கேமராவில் தொங்கிய வார், எல்லாம் கிழக்குப் பக்கமாகப் படபடத்தன. கேமரா நின்ற ட்ரைபாட் ஆடாமலிருக்க அதன் நடுக்கொக்கியில் மாட்டியிருந்த கல் பை மட்டும் காற்றை எதிர்த்து மேற்கே சாய்ந்து நின்றது.

பையின் வார் முறுக்கிக்கொண்டிருக்கும் என்று ஹம்மு நினைத்தான். கழற்றி, உதறி, மறுபடி மாட்டினான். கொஞ்ச நேரம் பை நேராகத் தொங்கியது. பிறகு யாரோ விரலால் இழுத்த மாதிரி மெதுவாக மேற்கே நகர்ந்து, கீழே கணவாய் இருந்த திக்கைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

ஹம்முவுக்கு அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. சாக்ரோ மலையில் அந்த இரண்டு கருங்கல் தூண்களுக்கு நடுவே சூரியன் இறங்குவது குளிர்காலத்தில் சில நாட்கள்தான். இத்தனை நாளும் மேகம் மூடிக் கிடந்துவிட்டு இன்றைக்குத்தான் வானம் விட்டிருந்தது. நாளைக்குச் சூரியன் தூணுக்குப் பின்னால் போய்விடும். இன்று விட்டால் அடுத்த வருஷம். அடுத்த வருஷம் வரைக்கும் பாஸ்ஸு சும்மா இருப்பானா?

பாஸ்ஸு அவன் தங்கை தூடாவின் புருஷன். அவன் கழுத்தில் முதல் கேமராவை மாட்டிவிட்டதே ஹம்முதான். அந்தப் புண்ணியத்துக்குக் கிடைத்த பலன், போன வருஷம் தலைநகர் ராபாத்தில் நடந்த கண்காட்சியில் சுவர் நிறையத் தொங்கியது பாஸ்ஸு எடுத்த படம். அதே பாறை, அதே சாயங்காலம். கையெட்டும் தூரத்தில் நின்று ஹம்மு எடுத்ததை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுகூடப் போகட்டும். பெற்ற அம்மாவே மருமகன் படத்தைக் கூடத்தில் மாட்டிவிட்டு, "நீயும் இந்த மாதிரி ஒண்ணு எடேன்டா" என்றாள். அன்றிலிருந்து அந்த வீட்டு ரொட்டி தொண்டையில் இறங்கினாலும் வயிற்றில் எரிகிறது.

அந்த எரிச்சல்தான் கணவாயில் அவனைக் குனிய வைத்தது. அங்கே ஒரு கெர்க்கூர் இருக்கிறது, ஆளுயரக் கல் குவியல். கணவாயைக் கடக்கிறவர்கள் தரையிலிருந்து ஒரு கல்லை எடுத்து உடம்பில் தேய்ப்பார்கள். கால் வலியை, காய்ச்சலை, செத்த பிள்ளையின் துக்கத்தை அதில் இறக்கிக் குவியலில் வைத்துவிட்டு லேசாக நடப்பார்கள். வைக்கலாம், எடுக்கக்கூடாது. அந்த மலையில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் உச்சி வெறும் வழுக்குப் பாறை, பையில் போட அங்கே ஒரு கல் கிடைக்காது. பாஸ்ஸு ஓடையிலேயே பொறுக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டான், முந்திக்கொள்கிற புத்தி. நல்ல இடத்தை அவன் பிடித்துவிடுவானே என்ற பதைப்பில் ஹம்மு குவியலின் தலையிலிருந்து ஐந்தாறு கல்லை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். அப்படியும் நல்ல இடம் பாஸ்ஸுவுக்குத்தான். துருத்திக்கொண்டிருந்த பாறை மூக்கில் அவன் நின்றான், ஹம்மு அவனுக்குப் பின்னால்.

ஏறும்போது இல்லாத வலி ஹம்முவின் இடது முழங்காலில் இப்போது இருந்தது. வயசான வலி, பல வருஷம் தேய்ந்த எலும்பின் வலி. அடிவயிற்றில் ஏதோ சுருட்டிப் பிடித்து விட்டது, மறுபடி பிடித்தது. வெயிலில் காய்ந்த தழை வாசனையும் சூடேறிய பாறையின் வாசனையும் மட்டும் இருந்த அந்தக் காற்றில், நனைந்த கம்பளியும் பழைய அடுப்புப் புகையும் நாள்பட்ட காய்ச்சல்காரனின் வேர்வையும் கலந்த ஒரு நெடி சரிவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்தது, ஏதோ ஒரு கூட்டம் மூச்சு வாங்க மேலே வருவதைப் போல. பையைப் பார்த்தான். அது இப்போது கணவாயைக் காட்டவில்லை. சரிவின் பாதியைக் காட்டியது.

"மச்சான், டீ குடிக்கிறியா?" பாஸ்ஸு குடுவையோடு வந்தான். கழுத்தில் நீலத் துண்டு, முகம் நிறையச் சிரிப்பு. "ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்க? படம் எடுக்க வந்தியா, புள்ள பெக்க வந்தியா?"

"உன் வேலையப் பாரு மாப்ள."

பாஸ்ஸு அவன் பக்கத்தில் குந்தினான். பையின் வாய் வழியே தெரிந்த ஒரு கல்லில் சிவப்புக் கம்பளி நூல் கட்டியிருந்தது. பாஸ்ஸுவின் சிரிப்பு நின்றது.

"இதை எங்க எடுத்த?"

"கல்லுல ஊர் பேரா எழுதியிருக்கு?"

"மச்சான், கெர்க்கூர்லயா கை வெச்ச?" குரலைத் தாழ்த்திக்கொண்டான். "வா. ரெண்டு பேருமாப் போய் வெச்சுட்டு வந்துடுவோம். வெளிச்சம் போனாப் போவுது."

"உனக்கென்னப்பா, போனாப் போவும். உன் படம்தான் சுவத்துல தொங்குதே."

பாஸ்ஸு தன் தோள்பையை இறக்கி அதன் வாயைத் திறந்தான். கோபப்படுவான் என்று ஹம்மு எதிர்பார்த்தான். அப்படிக் கோபப்பட்டிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

"சரி, நீ எடு. நான் கொண்டுபோய் வெச்சுட்டு வரேன். என் கேமராவையும் ஒரு கண் பாத்துக்கோ."

இதிலும் ஜெயித்துவிட்டான், என்று ஹம்முவுக்குத் தோன்றியது. படத்தில் போதாதென்று இனி நல்லவன் என்ற பேரும் அவனுக்கே. வீட்டில் தூடா இதைக் கதை கதையாகச் சொல்வாள். கல்லை ஒவ்வொன்றாக எடுத்து பாஸ்ஸுவின் தோள்பையில் போட்டான். கடைசிக் கல்லை மட்டும் அங்கிக் கைக்குள் நழுவவிட்டான். ட்ரைபாட்டுக்குக் கொஞ்சமாவது பாரம் வேண்டுமே.

"அவ்வளவுதானா? எதுவும் விட்டுடாத மச்சான்."

"அவ்வளவுதான்."

பாஸ்ஸு இறங்கினான். அவன் இறங்க இறங்க முழங்கால் வலி விட்டது, வயிற்றுப் பிடிப்பு விட்டது, நெடியும் போனது. வறட்டு இருமல் ஒன்று மட்டும் ஹம்முவின் நெஞ்சில் தங்கிவிட்டது. அவனுடையதல்ல அந்த இருமல். இருந்தாலும் அவன் நேரத்தை வீணாக்கவில்லை. பாஸ்ஸுவின் ட்ரைபாட்டைத் தூக்கி ஓரமாக வைத்தான். மலையில் படம் எடுக்கிறவன் எவனும் செய்யாத காரியம் அது. தன்னுடையதைப் பாறை மூக்கில் நிறுத்தினான். பையில் அந்த ஒற்றைக் கல்லைப் போட்டு மாட்டினான்.

எல்லாம் கூடி வந்தது. தூண்களுக்கு நடுவே சூரியன், கீழே கறுப்புச் சரிவு, சரிவில் வெள்ளைக் கோடாகப் பாதை. பாதையில் பாஸ்ஸு நடந்துகொண்டிருந்தான். அது ஒரு பிரச்சினையே இல்லை. லென்ஸில் கறுப்புக் கண்ணாடி போட்டு ஷட்டரை இரண்டு நிமிடம் திறந்துவைத்தால் நடக்கிறவன் படத்தில் விழமாட்டான். அசையாமல் நிற்பதுதான் விழும். முதல் தடவையாக பாஸ்ஸு இல்லாத மலை.

பொத்தானை அழுத்தினான். திரையில் நொடிகள் ஓடின. அவன் அதை மட்டும் பார்த்தான்.

காற்று நின்றது.

டக்.

கல்மேல் கல் வைக்கும் சத்தம். பாஸ்ஸு கணவாய்க்குப் போய்விட்டான் போலிருக்கிறது, என்று நினைத்தான். ஆனால் கணவாய் சரிவின் மடிப்புக்கு அப்பால் இருந்தது. அங்கிருந்து சத்தம் வராது. இது கிட்டத்தில் கேட்டது.

டக். டக்.

நடுவில் ஒரு குரல். "மச்சா..." பாதியில் அமுங்கியது.

ஹம்மு தலை நிமிரவில்லை. இன்னும் கொஞ்சம்தான். இப்போது நகர்ந்தால் கேமரா ஆடும். படம் போய்விடும்.

டக்.

படம் திரையில் வந்தது.

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆயுசுக்கும் இந்த ஒன்று போதும். தூண்களின் விளிம்பில் நெருப்புக் கோடு, வானத்தில் மாதுளைச் சிவப்பு. ராபாத் என்ன, எந்த ஊர்ச் சுவரும் இதற்குப் போதாது. அம்மா இதைப் பார்த்து வாயடைத்துப் போவாள்.

அப்புறம் அவன் கண் பாதைக்கு இழுபட்டது.

பாதை நடுவே ஒரு கல் குவியல். ஆளுயரம். அங்கே குவியல் எதுவும் கிடையாது.

பெரிதாக்கிப் பார்த்தான். குவியலின் முன்னால் வரிசையாக ஆட்கள். கம்பளி போர்த்தவர்கள், குழந்தையை முதுகில் கட்டியவள், கோல் ஊன்றியவன். ஆளுக்கொரு கல் கையில், ஒன்றில் சிவப்புக் கம்பளி நூல். ஒருவர்கூட மங்கவில்லை. இரண்டு நிமிடமும் இமைக்காமல் நின்றிருந்தால்தான் அப்படி விழும். குவியலின் இடுக்கில் நீலத் துண்டு. அதற்குக் கீழே, இரண்டு கல்லுக்கு நடுவே, விரல்கள்.

ஹம்முவுக்கு முதலில் வந்தது பயமல்ல. அதுதான் கொடுமை. இதிலும் பார்க்கிறவன் கண் முதலில் பாஸ்ஸுவிடம்தான் போகும் என்று நினைத்தான். அதற்குப் பிறகுதான் பயம் வந்தது.

வரிசையின் கடைசி ஆள் குவியலைப் பார்க்கவில்லை. மேலே பார்த்தான். இந்தப் பக்கம். அவன் கையில் மட்டும் கல் இல்லை.

ஹம்மு நிமிர்ந்தான். சரிவில் ஆள் யாருமில்லை. குவியல் இருந்தது.

"மாப்ள!"

இருமல் வந்து அடைத்தது. ஓட வேண்டும். ஓடிப்போய்க் கல்லைப் பிய்த்துப் போட வேண்டும். தூடாவின் முகம் வந்தது. கால் ஓர் அடி எடுத்து வைத்தது.

தூண்களுக்கு நடுவே இன்னும் ஒரு கீற்று வெளிச்சம் இருந்தது.

ஒரே ஒரு படம். அப்புறம் ஓடலாம். கேமராவைக் கொஞ்சம் திருப்பினால் போதும், குவியல் ஓரத்தில் வெட்டுப்பட்டுப் போகும். பாஸ்ஸு இல்லாத படம். கை திருப்பியது. விரல் அழுத்தியது, மறுபடி இரண்டு நிமிடம். ஹம்மு கண்ணை மூடிக்கொண்டான்.

சத்தமில்லை. நெடி மட்டும். வேர்வை. கம்பளி. கிட்டத்தில்.

கேமரா க்ளிக் என்றது. கண் திறந்தான். எதிரே வெறும் பாறை மூக்கு. அதற்கப்பால் ஆகாசம். யாரும் நிற்க இடமில்லாத ஆகாசம்.

திரையில் படம் வந்தது. குவியல் இல்லை. பாஸ்ஸு இல்லை. தூண்கள் இருந்தன, கீற்று வெளிச்சம் இருந்தது, இரண்டையும் மறைத்துக்கொண்டு லென்ஸை ஒட்டி ஓர் உள்ளங்கை விரிந்திருந்தது. அவ்வளவு கிட்டத்தில் இருப்பது மங்கித்தான் விழ வேண்டும். மங்கவில்லை. ரேகைகள் தெரிந்தன, நகக்கண்ணில் மண் தெரிந்தது. இரண்டு நிமிடமும் துளி நடுங்காமல், கொடு என்று நீட்டிய கை.