கோடாக்கிய பெயர்

இளையாளாக ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் மூத்தாளின் புடவையோ பாத்திரமோ காத்திருக்கும். எனக்குக் காத்திருந்தது அவளுடைய கம்ப்யூட்டர்.

முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. எழுதுகிறவர்கள் வேர்டு கோப்பைக் கொண்டுவந்து தருவார்கள். அதைப் பக்கம் பக்கமாக ஒழுங்குபடுத்தி, அச்சகம் அப்படியே ஏற்றிக்கொள்கிற பிடிஎஃப் ஆக்கித் தருவது எங்கள் தொழில். காய்ச்சலில் போகும்வரை அந்த நாற்காலியில் அவள்தான் இருந்தாள். போன பிறகும் அவள்தான் இருந்தாள் என்று சொல்ல வேண்டும்.

"அண்ணி பக்கம் போட்டா ஒரு வரிகூடத் தனியா தொங்காது," என்பாள் பிழை திருத்துகிற என் நாத்தனார். நானும் அவளுக்கு அண்ணிதான். ஆனால் வெறுமனே அண்ணி என்றால் அது நானில்லை. நான் 'புது அண்ணி'. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆன பிறகும் புதுசு!

என் கணவர் அவளைப் பற்றிப் பேசவே மாட்டார். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பேசினால் சண்டையாவது போடலாம். அவள் வடிவமைத்த பழைய புத்தகங்களை எடுத்துப் புரட்டி, ஒரே பக்கத்தைப் பார்த்தபடி நின்றுவிடுவார். அந்தப் பார்வையை ஒரு தடவைகூட என் பக்கம் திருப்பியதில்லை. செத்தவள்மேல் பொறாமைப்படலாமா என்று கேட்காதீர்கள். உயிரோடிருப்பவள் என்றால் என்றைக்காவது கிழவியாவாளே!

பல் டாக்டரின் கவிதைப் புத்தகம்தான் நான் தனியாகச் செய்த முதல் வேலை. "பல்வரிசை மாதிரி இருக்கணும்மா," என்று கொடுத்துவிட்டுப் போனார். திறந்து பார்த்தால் எல்லாம் சொத்தை. அடுத்த பக்கத்துக்குப் போக எண்டரைத் தட்டித் தட்டித் தள்ளியிருந்தார். வரியை நடுவில் நிறுத்த இடைவெளியாக அடித்திருந்தார். அத்தனையையும் பிடுங்கிச் சரிசெய்தேன்.

"நல்லா வந்தா பக்க வடிவமைப்புன்னு உன் பேரையே போட்டுக்கோ," என்றார் கணவர். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அவள் புத்தகங்களைப் பார்க்கிற மாதிரி இதையும் பார்ப்பார் இல்லையா?

அன்று பிற்பகல் மழை மூட்டம். அறைக்குள் விளக்குப் போட்டும் இருட்டு விலகவில்லை. கணவர் அச்சகத்துக்குப் போயிருந்தார். பதிப்பு விவரப் பக்கத்தில், பக்க வடிவமைப்பு என்பதற்கு எதிரே என் பெயரை அடித்தேன். பிடிஎஃப் ஆக்கித் திறந்தேன்.

அவள் பெயர் இருந்தது.

பழைய மாதிரிக் கோப்பின் மிச்சமாக இருக்கும் என்று நினைத்தேன். வேர்டில் பார்த்தால் என் பெயர். புதிய கோப்பு ஒன்றைத் திறந்து, எல்லாவற்றையும் அதில் ஒட்டி, மறுபடி பிடிஎஃப் ஆக்கினேன். இந்த முறை ஓர் எச்சரிக்கை வந்தது: எழுத்துரு கிடைக்கவில்லை, மாற்று எழுத்துரு வைக்கப்பட்டுள்ளது.

மறுபடியும் அவள் பெயர்.

தைல வாடை வந்தது. திரையையே பார்த்துப் பார்த்து அவளுக்குத் தலைவலி வருமாம். நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டே வேலை செய்வாளாம். அதைக் கேட்ட நாளிலிருந்து இந்த வீட்டுக்குள் நான் தைலம் வாங்க விட்டதில்லை.

"நீ தைலம் தேய்ச்சியா?" என்று வெளியறையைப் பார்த்துக் கத்தினேன்.

"இல்லையே." பிறகு நாத்தனார் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "உங்களுக்கும் அடிக்குதா?"

பயத்துக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. "செத்தும் இந்த இடத்தை விட மாட்டியாடி?" என்றேன் திரையைப் பார்த்து.

நாற்காலியின் முதுகு மெதுவாகப் பின்னால் அழுந்தியது. யாரோ இரண்டு கைகளையும் அதில் ஊன்றிக் குனிவதுபோல.

நான் திரும்பவில்லை.

எங்கள் தொழிலில் கடைசி அஸ்திரம் ஒன்று உண்டு. எழுத்தைக் கோடாக்கிவிடுவது. அப்புறம் அது எழுத்தே இல்லை, வெறும் படம். வேறெந்த எழுத்துருவும் அதன் இடத்தில் வந்து உட்கார முடியாது. என் பெயரைக் கோடாக்கி, மறுபடி பிடிஎஃப் ஆக்கித் திறந்தேன்.

என் பெயர்!

வாடை போய்விட்டது. நாற்காலி நிமிர்ந்தது. ஜெயித்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சிரித்தேன்.

அனுப்புமுன் ஒருமுறை தேடிப் பார்ப்பது வழக்கம். என் பெயரைத் தேடினேன். கிடைக்கவில்லை என்றது. கிடைக்காதுதான். கோடானதில் படிக்க எழுத்து ஏது? என் பெயரை நானே அழித்துவிட்டு அதன் படத்தை மட்டும் மாட்டி வைத்திருக்கிறேன். ஏதோ வீம்பில் அவள் பெயரைத் தேடினேன்.

எல்லாப் பக்கத்திலும் இருந்தது.

கவிதைகளுக்கு இடையே, கண்ணுக்கு ஒன்றும் தெரியாத வெற்றிடத்தில். தேடல் ஒவ்வொரு பக்கமாக நின்று அந்த வெள்ளையை மஞ்சளாக்கிக் காட்டியது.

நிறுத்தியிருக்கலாம். ஆனால் தாளில் வரப்போவது என் பெயர்தானே? அனுப்பிவிட்டேன்.

புத்தகம் அச்சாகி வந்தது. என் பெயர் பளிச்சென்று இருந்தது. டாக்டருக்கு வாயெல்லாம் பல். "எழுதினது நான், அழகாக்கினது நீங்க. ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்கம்மா," என்று பிரதியை நீட்டினார். முதல் பக்கத்தில் என் பெயரை எழுதினேன்.

எட்டிப் பார்த்த நாத்தனாரின் முகம் வெளுத்தது. "இது அவங்க எழுத்து," என்றாள்.

எழுதியிருந்தது என் பெயர்தான். ஆனால் அந்தச் சாய்வும், சுழியை முடிக்காமல் விடுகிற அந்த வளைவும் என் கை ஒருநாளும் போட்டதில்லை.

கணவர் பிரதியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் இரண்டு வருடமாக ஏங்கிக் கிடந்த அதே பார்வை, கண் நிறைய. என் நெஞ்சு பற்றி எரிந்தது. என் கண்ணெதிரே, என் முகத்திலேயே, அவர் இன்னொருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை எழுதேன்," என்றார் மெல்ல.

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் என் கை பேனாவின் மூடியைக் கழற்றியிருந்தது.