பின்னாடி ஒருத்தர் வர்றாரு

அணையில் புறப்பட்டு நூறு மைலுக்கு மேல் போகிற வாய்க்கால் அது. தண்ணீர் விட்டு நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. கரையின் மேல் ஒரு செம்மண் பாதையும் கூடவே போயிற்று. மாட்டுவண்டி, ஆட்டுமந்தை, சந்தைக்குப் போகிறவர்கள், காற்று வாங்க வருகிறவர்கள், எல்லாருக்கும் அதுவே வழி.

கோயமுத்தூர் மில் ஒன்றில் மேஸ்திரியாக இருந்த பாலகோபாலுக்கும், கோட்டைமேட்டில் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் யாகூபுக்கும் அந்தப் பாதையைக் கடைசி வரை சைக்கிளில் பார்த்துவிட வேண்டுமென்று ஆசை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்து மைல் என்று துண்டு துண்டாகப் போனார்கள். எந்த ஊரில் நிறுத்தினார்களோ அங்கேயே சைக்கிளை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்துவிடுவார்கள். அடுத்த ஞாயிறு அங்கிருந்து தொடர்வார்கள்.

நான்காவது ஞாயிறு, உச்சி நேரத்தில், யாகூபின் சைக்கிள் பஞ்சராயிற்று.

"பாலு, நீ போய்க்கிட்டே இரு. ஒட்டிப்போட்டு வாரேன்."

"உன் கடியாரம் மாதிரியே உன் சைக்கிளும் அப்பப்ப நின்னு போகுது," என்று சிரித்துவிட்டுப் பாலகோபால் முன்னால் மிதித்தான்.

இரண்டு மைல் தாண்டி ஒரு சின்னப் பாலம். அதன் கைப்பிடிச் சுவரோரம் ஒரு பெண் நின்றாள். பழைய சேலைத் துணியைச் சுருட்டித் தலையில் சும்மாடு கூட்டியிருந்தாள். காலடியில் ஆள் உயரப் புல்லுக்கட்டு.

"ஏனுங்க சாமி, ஒரு கை குடுத்துத் தூக்கி உடுங்க. தனியா ஏத்த முடியலீங்க."

கட்டிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பாலகோபால் அன்று வெள்ளைச் சலவைச் சட்டை போட்டிருந்தான். காலைத் தரையில் ஊன்றக்கூட இல்லை.

"பின்னாடி ஒருத்தர் வர்றாரு. அவருகிட்டக் கேளு."

"சரிங்க சாமி."

கோபமில்லாத குரல். அவன் சொன்னதை அப்படியே நம்பிய குரல்.

அன்று சைக்கிளை நிறுத்த வேண்டிய இடம் சென்னியம்மாளின் டீக்கடை. யாகூப் அங்கே வந்து சேர மணி நாலு ஆகிவிட்டது. வந்ததும் வாய்க்கால் கரை வழியாக அல்ல.

"டியூபே கிழிஞ்சுபோச்சு பாலு. ஊருக்குள்ள திரும்பித் தள்ளிட்டுப் போயி, வண்டியில ஏத்திக்கிட்டுத் தார்ரோட்டு வழியா வந்தேன்."

பாலகோபாலுக்குப் பாலத்தில் நின்ற பெண் நினைவுக்கு வந்தாள். அதற்குள் பஸ் வந்தது. ஏறிவிட்டான்.

அடுத்த ஞாயிறு அவர்கள் வந்தபோது கடையில் ஒரே பேச்சு. சென்னியம்மாள்தான் விவரம் சொன்னாள்.

"நம்ம சின்னத்தாயி வாய்க்கால்ல உழுந்து செத்துப் போய்ட்டாளுங்க. போன ஞாயித்துக்கெழம, பொழுது சாயற நேரத்துல. பாலத்துலிருந்து புருசன் கந்தப்பன்தான் தள்ளி உட்டான்னு ஊரே பேசுது. முந்தின நாள் ரெண்டு பேருக்கும் சண்டைங்க. போலீசுக்காரங்க கூட்டிட்டுப் போயி வச்சிருக்காங்க."

"அட அல்லாவே!" என்றான் யாகூப். "பாலு, நீ அந்தப் பாலத்து வழியாத்தானே வந்தே? அந்தப் பொண்ணப் பாத்தியா?"

"இல்லையே."

அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவனுக்குக் கண் சிமிட்டும் நேரம்கூட ஆகவில்லை.

ஐந்தாம் துண்டு தொடங்கிற்று. யாகூப் முன்னால் போனான். பாலகோபால் அவன் முதுகைப் பார்த்தபடியே மிதித்தான். வெயில் தலைக்கு நேரே நின்றது. காற்று இல்லை. வாய்க்கால் சத்தமில்லாமல் நிறைந்து ஓடிற்று. இருபுறமும் புல் காய்ந்து கிடந்தது. ஆனாலும் அறுத்த ஈரப்புல்லின் வாசனை கூடவே வந்தது.

சைக்கிள் கனத்தது.

சமதரையில் மேடு ஏறுவதுபோல் மிதிக்க வேண்டியிருந்தது. பின்னால் செம்மண்ணில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம்.

"ஏனுங்க சாமி…"

அவன் திரும்பவில்லை.

"பின்னாடி யாரும் வரலீங்களே."

குறை சொல்லும் குரலாக இருந்திருந்தால் தாங்கியிருப்பான். அது பணிவாகக் கேட்டது. இன்னும் நம்பிக்கொண்டு கேட்டது.

"பொழுது சாயற மட்டும் நின்னு பாத்தனுங்க. அப்புறந்தான் செவுத்து மேல கட்ட வச்சு, நானே தல குடுத்தனுங்க. கட்டு அந்தப் பக்கம் சாஞ்சு என்னையும் இழுத்துக்கிட்டுப் போயிருச்சுங்க."

பாலகோபால் சைக்கிளோடு சாய்ந்து விழுந்தான். யாகூப் ஓடிவந்து தூக்கியபோது, பின்சீட்டில் ஒரு பழைய சேலைத் துணிச் சுருள் இருந்தது. நனைந்த சும்மாடு.

அங்கேயே, வெயிலில் உட்கார்ந்து, பாலகோபால் எல்லாவற்றையும் சொன்னான். சட்டை அழுக்காகும் என்று நினைத்ததையும் சொன்னான். அதைச் சொல்லும்போது நண்பனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

யாகூப் திட்டவில்லை. கைக்குட்டையால் அவன் முழங்கால் ரத்தத்தைத் துடைத்துவிட்டான்.

"எந்திரி பாலு. அந்த மனுசன் அங்க அடைஞ்சு கெடக்கறான். முதல்ல அங்க போலாம்."

போலீஸ் நிலையத்தில் பாலகோபால் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிக் கையெழுத்துப் போட்டான். பாலத்தில் தேடிப் பார்த்தார்கள். சுவரின் மேலே சேறும், கீழே மதகில் மாட்டியிருந்த புல்லுக்கட்டும் அவன் சொன்னதற்குச் சாட்சி சொல்லின.

சாயங்காலம் கந்தப்பன் வெளியே வந்தான். பாலகோபால் கைகூப்பி நின்றான். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றான்.

அன்றும் அவன் போட்டிருந்த வெள்ளைச் சட்டையைக் கந்தப்பன் வெகுநேரம் பார்த்தான்.

"ஒரு கைதானுங்களே சாமி கேட்டா?"

கேட்டுவிட்டு வாய்க்கால் பக்கமாக நடந்தான்.

அந்தப் பாதையை அவர்கள் விட்டுவிடவில்லை. யாகூப்தான் விடக்கூடாது என்றான். அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் கரையில் யார் சுமையோடு நின்றாலும், கூப்பிடும் முன்பே பாலகோபால் இறங்கிப் போனான். விறகோ, புல்லோ, சாணிக்கூடையோ, தூக்கிவிட்டான். கடவுள் கணக்கில் இது எதற்கும் ஈடாகாது என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் ஒருவர் கழுத்து வலி குறைந்தால் குறைந்ததுதானே?

ஒன்றை மட்டும் அவன் யாகூபிடம்கூடச் சொல்லவில்லை. எந்தச் சுமையும் அவன் தூக்கும்போது கனக்கவில்லை. கட்டின் அடியில் கை கொடுத்தால், அங்கே வேறு விரல்கள் தட்டுப்பட்டன.

குளிர்ந்த விரல்கள்.

கடைசி ஞாயிறு வாய்க்காலின் கடைமடைக்கு வந்தார்கள். தண்ணீர் அங்கே ஒரு சோளக்காட்டில் போய் முடிந்தது. யாகூப் தூரத்தில் ஒரு வேம்பின் அடியில் சைக்கிளைச் சாத்திக்கொண்டிருந்தான். பாதையோரம் விறகோடு நின்ற பங்காரம்மா என்ற கிழவிக்குப் பாலகோபால் சுமையைத் தூக்கிவிட்டான்.

"ரெண்டு பேரும் நல்லா இருக்கோணுங்க," என்றாள் அவள்.

"ரெண்டு பேரா?"

கிழவி அவன் தோளுக்கு அப்பால் பார்த்துச் சிரித்தாள்.

"ஏன் அம்மணி, இந்த வெயில்ல தலையெல்லாம் இப்படி நனைஞ்சு கெடக்குது?"