வெள்ளிக்கிழமைச் சிரிப்பு

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என் முதல் வேலை, சாவியாளர்கள் நால்வரின் வாயையும் பார்ப்பது. எதையாவது மென்றுகொண்டிருந்தால் துப்பிவிட்டு வரச் சொல்வேன். முறுக்கு, சீவல், சூயிங்கம் எதற்கும் அனுமதி இல்லை. மெல்லுகிற தாடையைச் சிரிக்கிற தாடை என்று சிரிப்பை அளக்கும் நகைமானி ஒருமுறை பதிவு செய்துவிட்டது. அதற்கு விளக்கம் எழுதி என் விரல் தேய்ந்தது. பிறகு கன்னத்தில் இரண்டு, கண்ணோரத்தில் இரண்டு என்று உணரிப் பட்டைகளை ஒட்டுவேன். சட்டையில் ஒலிவாங்கி, காதில் ஒரு சின்ன ஒலிப்பான். பத்தரைக்குப் படம் தொடங்கும்.

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம். கரும்பாறை நிலையத்தில் வேறு எந்தப் பிரிவும் அந்த நேரத்தில் திரையறையைக் கேட்காது. அதனால் எங்களுக்கு ஒதுக்கினார்கள். மலையைக் குடைந்து அறுபது அடி ஆழத்தில் கட்டிய நிலையம், மேலே பதினெட்டு அணு ஏவுகணைகள், அவற்றின் சாவி இந்த நால்வரிடம், ஆனாலும் ராகுகாலத்தில் புதுக் கோப்பைத் திறக்க மாட்டார்கள். எங்கள் ஆட்களை எனக்குப் பிடிப்பதற்கு இது ஒரு காரணம்.

அந்தக் காலாண்டின் படம் "பொத்தானுக்குப் பொட்டு". அணுப்போரைக் கேலி செய்யும் அணுக்கூத்துப் படங்களில் சக்கைப்போடு போட்டது. ஊரில் குடும்பம் குடும்பமாகப் பொங்கலுக்குப் போய்ப் பார்த்தார்கள். கதை சின்னது. ஒரு ஏவுகணை நிலையத்தில் ஆயுதபூஜை கொண்டாடுகிறார்கள். லாரிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, ஏவுகணைக்கு மாலை போட்டாயிற்று, சந்தனம் மட்டும் மிச்சம். தளபதி பயபக்தியோடு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வருகிறார். சிவப்புப் பொத்தானுக்கும் வைக்கிறார். சற்று அழுத்தி வைத்துவிடுகிறார். மிச்சப் படம் முழுக்க, பொட்டு வைத்தது யார் பொறுப்பு என்று மூன்று துறைகள் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிக்கொள்கின்றன.

நாங்கள் பார்க்கும் அதே நேரத்தில் அக்கரையிலும் அதே படம் ஓடும். எதிரி நாட்டின் பெயரை வேலை நேரத்தில் சொல்லக் கூடாது, அக்கரை என்போம். அங்கும் நான்கு சாவியாளர்கள், நான்கு நாற்காலிகள். அவர்கள் சிரிப்பு ஒலியிழை வழியே என் அறைக்கு வரும், எங்கள் சிரிப்பு அங்கே போகும். சப்டைட்டிலைப் படித்துவிட்டுச் சிரிப்பதால் அவர்கள் எங்களுக்கு நான்கு விநாடி பின்னால் இருப்பார்கள். ஆயுதபூஜை என்றால் என்ன என்று பதினாறு பக்கக் குறிப்பு அனுப்பியிருந்தோம்.

இந்த ஏற்பாட்டுக்குச் சிரிப்பு உடன்படிக்கை என்று பெயர். முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, ஏவுகணைகளை விடச் சொல்லி அக்கரையின் ஒரு நிலையத்துக்கு உத்தரவு வந்தது. உத்தரவின் அடியில் வழக்கமான அரசு வாசகம்: இதன் நகலை முப்பது நாட்களுக்குள் தலைமையகத்துக்கு அனுப்பவும். எந்தத் தலைமையகம், எந்த முப்பது நாள் என்று சாவி வைத்திருந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்து ஓய்வதற்குள் ஏழு நிமிடம் போயிற்று. எட்டாவது நிமிடத்தில், உத்தரவு கணினிக் கோளாறு என்று தெரிந்தது. அதன் பிறகு இரு நாட்டு அறிஞர்களும் கூடி, இந்தப் போரை நினைத்துச் சிரிக்க முடிகிறவர்களிடம் மட்டுமே சாவி இருக்கலாம் என்று எழுதினார்கள். ஒரே படத்தைப் பதின்மூன்று வெள்ளிக்கிழமை போடுவதும் அவர்கள் யோசனைதான். பத்தாவது தடவையும் சிரிக்கிறவரைத்தான் உடன்படிக்கை நம்பும். மூன்று வாரம் தொடர்ந்து சிரிக்காதவரிடமிருந்து சாவியை வாங்கிவிட வேண்டும்.

எங்கள் இரண்டாவது நாற்காலி சுடலைமணி அண்ணாச்சி. ஐம்பத்தெட்டு வயது, சாவியாளராகப் பதினோரு வருடம். அவர் சிரித்தால் நாற்காலி குலுங்கும். பொத்தான் காட்சியில் அவர் தொடையில் தட்டும் சத்தம் அக்கரைவரை பிரசித்தம்.

ஐந்தாம் வாரம் அவர் விடுப்பில் போனார். மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஆறாம் வாரம் லட்டோடு வந்து உட்கார்ந்தார். நகைமானியில் அவர் எண் பூஜ்யம். ஏழாம் வாரமும் பூஜ்யம்.

படம் முடிந்து எல்லோரும் போன பிறகு, அவர் கன்னத்துப் பட்டையை மெதுவாக உரித்துக்கொண்டே கேட்டேன்.

"என்ன அண்ணாச்சி, உடம்புக்கு முடியலையா?"

"உடம்புக்கு என்ன. நல்லாத்தான் இருக்கேன்."

"பிறகு ஏன் சிரிக்க மாட்டேங்கிய? அடுத்த வெள்ளியும் இப்படியே இருந்தா நான் எழுதிக் கொடுத்துரணும். சாவி போயிரும்."

அவர் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"பிள்ளையை இந்தக் கையிலதான் வாங்கினேன் கனி. ரெண்டே முக்கால் கிலோ. முன்னாடியெல்லாம் அந்தப் படத்துல சாவுறது யாரோ எவரோ. அதனால சிரிப்பு வந்துச்சு. இப்ப அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒண்ணு இருக்கு. அவர் பொட்டு வைக்க விரலை நீட்டும்போது எந்திரிச்சுப் போய்ப் பிடிச்சு இழுக்கணும்போல இருக்கு."

"சும்மாவாவது சிரிச்சு வைங்களேன்."

"உன் மெசினை ஏமாத்த முடியுமா?"

முடியாது. கண்ணோரத் தசை பொய் சொல்லாது என்று பயிற்சியில் எனக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் கவின்ராஜ். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். தகுதித் தேர்வில் இதே படத்துக்குத் தொண்ணூற்று நான்கு எடுத்தவர். அந்தப் பதிவை எடுத்துப் பார்த்தேன். வசனம் முடிவதற்கு முன்பே சிரிக்கிறார். ஊர் சாம்பலாகிற காட்சியில்தான் அவருக்கு மிக அதிகம். உடன்படிக்கைப்படி, பேத்திக்காகப் பயப்படுகிறவரிடமிருந்து சாவியை வாங்கி இவரிடம் கொடுக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. சட்டம் எழுதியவர்கள் மேலா, பதினான்கு வருடமாக அதைக் கேள்வி கேட்காமல் பட்டை ஒட்டிய என் மேலா என்று சொல்லத் தெரியவில்லை.

எட்டாம் வாரம் நான் குற்றவாளி ஆனேன். மூன்றாம் வாரத்தில் அண்ணாச்சி சிரித்த பதிவு என்னிடம் இருந்தது. அதே படம், அதே விநாடிகள். அவர் இழையைக் கழற்றி என் காதுக்கு மட்டும் மாற்றிக்கொண்டு அந்தப் பழைய பதிவை ஓடவிட்டேன். தொடையில் தட்டும் சத்தம் சரியான இடத்தில் விழுந்தது. நகைமானி எழுபத்திரண்டு காட்டியது, அக்கரையும் அதைக் கேட்டுக்கொண்டது. அவரிடம் மட்டும் சொன்னேன்.

"எதுக்கும்மா இந்த வேலை? மாட்டினா உன் பொழப்புக்கே உலை வச்சிருவாங்க."

"நீங்க பேசாம உக்காந்திருங்க அண்ணாச்சி. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

இப்படியே நான்கு வெள்ளிக்கிழமை. திருட்டு வேலை செய்கிறவர்களுக்குக் காது கூர்மையாகிவிடும்போல. என் ஒட்டுவேலையில் எங்காவது பிசிறு தெரிகிறதா என்று பார்க்க, பதினோராம் வார ஒலி முழுவதையும் உட்கார்ந்து கேட்டேன். எங்கள் பக்கம் சுத்தமாக இருந்தது. கூடவே அக்கரைச் சிரிப்பும் ஓடியது. பொத்தான் காட்சியில் அவர்களுடைய மூன்றாவது நாற்காலிக்காரர் சிரித்து, கடைசியில் இருமினார். இரண்டு சின்ன இருமல், ஒரு நீண்ட இருமல். எங்கேயோ கேட்டதாகப் பட்டது. பத்தாம் வாரத்தைப் போட்டேன். அதே இடம், அதே இருமல். ஒன்பதாம் வாரம், எட்டாம் வாரம், அப்படியே. ஏழாம் வாரத்தில் அந்த இருமல் இல்லை. நான்கு வாரத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தேன். ஒரு மயிரிழைகூட விலகவில்லை.

எந்த மனிதனும் நான்கு வாரம் ஒரே விநாடியில் ஒரே அளவு இருமுவதில்லை. அக்கரையிலும் ஒருவர் பழைய பதிவை ஓட்டிக்கொண்டிருந்தார்.

விதி தெளிவாக இருக்கிறது. அக்கரைச் சிரிப்பில் சந்தேகம் என்றால் உடனே மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் விழிப்பு நிலை இரண்டு, ஏவுகணைகளின் மூடி திறக்கும். நம்மை ஏமாற்றுகிறார்கள், எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். முதல் ஐந்து நிமிடம் நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு, என் பதிவை அங்கே ஒருவர் கண்டுபிடித்தால் என்ன நினைப்பார் என்று யோசித்தேன். தொடை தட்டும் அந்தச் சத்தத்தையும் வாராவாரம் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? யார் முந்துகிறார்கள் என்பதில் இருக்கிறது எல்லாம்.

மேலிடத்துக்கு எதுவும் எழுதவில்லை. ஒரு வாரம் ஒழுங்காகத் தூங்கவுமில்லை.

பன்னிரண்டாம் வெள்ளி. படம் பாதி தாண்டியிருந்தது. வசனமே இல்லாத இடம்: ஊர் போய்விட்டது, சாம்பல் மழைபோல் விழுகிறது, உருண்டு வந்த ஒரு எலுமிச்சம்பழம் சாலை நடுவில் நிற்கிறது. கவின்ராஜைத் தவிர யாரும் இங்கே சிரித்ததில்லை. பதிவிலும் இங்கே வெறும் அமைதிதான். என் அறைக் கண்ணாடி வழியே அண்ணாச்சியின் முகம் தெரிந்தது. மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, பிடித்துவைத்த பிள்ளையார்போல் உட்கார்ந்திருந்தார். அவரிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் காது ஒலிப்பானைத் திறந்து மெல்லச் சொன்னேன்.

"அண்ணாச்சி, அக்கரையில மூணாவது சீட்டும் சிரிக்கல. அங்கயும் பழைய டேப்புதான் ஓடுது."

திரையைப் பார்த்தபடியே வாய் அசையாமல் கேட்டார்.

"எத்தனை வாரமா?"

"எட்டாம் வாரத்துல இருந்து. நாம ஆரம்பிச்ச அன்னைக்கேதான்."

கோத்திருந்த கைகளைப் பிரித்தார்.

"அப்ப உன் டேப்பு அங்க போய்ச் சிரிக்குது. அவங்க டேப்பு இங்க வந்து சிரிக்குது."

"ஆமா."

"ரெண்டு டேப்பும் ஒண்ணையொண்ணு நம்பிக்கிட்டு இருக்கு. நாங்க ரெண்டு பேரும் உம்முனு உக்காந்திருக்கோம். இதை வச்சுத்தான் உலகம் ஓடுது."

"ஆமா அண்ணாச்சி."

முதலில் அவர் வயிறு குலுங்கியது. பிறகு தோள். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஏழு வாரம் உள்ளே கிடந்ததெல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது. பக்கத்து நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாம்பல் விழும் காட்சியில் அப்படி ஒரு சிரிப்பை யாரும் கேட்டதில்லை.

என் கை பதிவுக் கருவியின் மேல் இருந்தது. பதிவில் இந்த இடம் அமைதி; அப்படியே விட்டுவிட்டால் தப்பித்துவிடலாம். விடவில்லை. பதிவை நிறுத்தினேன், அவருடைய நேரடி இழையைச் செருகினேன். சிரிப்பு அக்கரைக்குப் போயிற்று, தவறான இடத்தில், தொடையில் தட்டிக்கொண்டு. அங்கே என்னைப்போல் ஒருவர் உட்கார்ந்திருந்தால், இதுவரை கேட்டது என்ன, இப்போது கேட்பது என்ன என்று அவருக்குப் புரிந்துவிடும்.

பழக்கத்தில் நான்கு எண்ணினேன். ஒன்றும் வரவில்லை. பத்து எண்ணினேன். மேலே ஏவுகணைகளின் மூடிகளை நினைத்துக்கொண்டேன், அண்ணாச்சியின் பேத்தியை நினைத்துக்கொண்டேன். அவளுக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை.

பிறகு அக்கரையின் மூன்றாவது இழையில் டக் என்று ஒரு சத்தம். எதையோ பிடுங்கி, எதையோ செருகும் சத்தம். அது எனக்குத் தெரியும். அதைத் தொடர்ந்து மூச்சு. ஐந்து வாரமாக அந்த நாற்காலியில் நான் கேட்காத மூச்சு. அடுத்து ஒரு சிரிப்பு, தயங்கித் தயங்கி, பாதியில் அழுகைபோல் உடைந்து, மறுபடி சிரிப்பாகி, கடைசியில் இருமலில் முடிந்தது. இரண்டு சின்னது, ஒரு நீண்டது.

அதை அண்ணாச்சியின் காதுக்குத் திருப்பிவிட்டேன். அவர் சிரிப்பதை நிறுத்தினார். தலையைச் சாய்த்து, அந்த இருமல் ஓயும்வரை கேட்டார். கண்ணோரத்துப் பட்டை நனைந்து கழன்று தொங்கியது.

"அங்க யாருக்குப் பிள்ளை பொறந்திருக்கோ" என்றார்.