மானிட்டர் இல்லாத மேஜை

அம்புக்குறி தானாக அசைந்தது. நூலளவுதான். இணையம் திக்குகிறது என்று அவள் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வீட்டிலிருந்தபடியே ஊரார் கணினிகளுக்குள் நுழைந்து பழுது பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. அம்புக்குறி ஏன் அசையும் என்பதற்கு அவளிடம் ஆயிரம் காரணம் உண்டு. ஆனாலும் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மதியம் மூன்று மணிதான். வெளியே மழை இருட்டிக்கொண்டு நின்றது. எதிரே இருந்த அகலமான மானிட்டரின் நடுவில், தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிய ஒரு படம். அது இணையம் வழியே தெரியும் அண்ணனின் கணினி. நாலு தெரு தள்ளி, அவர் படுத்துக் கிடந்து செத்துப்போன அறையில், மானிட்டர் இல்லாமலே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்க ஆளில்லை என்று தெரிந்தால் கணினி தன் திரையைக் குறுக்கிக்கொள்ளும். கருவிப் பட்டைகளே பாதி இடத்தை அடைத்துக்கொள்ள, மிச்சத்தில் ஒரே ஒரு வரி தெரிந்தது.

‘தங்கச்சி, நீ எடுத்துட்டுப் போனதுல இருந்து’

அதற்குக் கீழே என்ன? இரண்டு வாரமாக அதுதான் அவளை அரித்துத் தின்றது. சபித்தாரா, மன்னித்தாரா? அந்தப் பக்கத்தை அவர் சேமிக்கவில்லை. அணைத்துப் போட்டாலோ, தவறான ஒரு விசை பட்டாலோ, அத்தனையும் போய்விடும்.

அண்ணன் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைத்தவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையில் பிழை தெரியும் இடத்தையெல்லாம் நகத்தால் டக், டக்கென்று தட்டுவார். வேலை முடியாமல் மானிட்டரை அணைக்கவே மாட்டார். இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகும் மடியில் விசைப்பலகையை வைத்து வேலை செய்தார். அந்தச் சமயத்தில்தான் இவளுடைய மானிட்டர் பழுதானது.

“ஒரு வாரந்தாண்ணா. புதுசு வந்ததும் திருப்பிக் கொண்டாந்துடறேன்” என்று கேபிளைப் பிடுங்கினாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். புதியது வந்தது. அதைவிட அண்ணனுடையதே பெரியது, நல்லது. வைத்துக்கொண்டாள். மூன்றாம் மாதம் அவர் போய்ச் சேர்ந்தார். இப்போது அவள் பார்த்துக்கொண்டிருப்பதும் அதே மானிட்டரில்தான்.

போன் அடித்தது. அண்ணி. மானிட்டர் போன நாளிலிருந்து அண்ணி அவளை ‘நீங்க’ என்றுதான் பேசுகிறாள்.

“நீங்க அனுப்பின பிளக்கு வந்துடுச்சு. எங்க சொருகணும்?”

“மானிட்டர் ஒயர் சொருகுற ஓட்டையிலதான் அண்ணி. மானிட்டர் மாட்டியிருக்குன்னு கம்ப்யூட்டரை நம்ப வைக்கும், அவ்வளவுதான். முழுத் திரையும் தெரியும்.”

“ஓ. ஏமாத்துறதுக்கா?” அண்ணி சிரித்த மாதிரி இருந்தது. “அவரு கடைசி வரைக்கும் தட்டிக்கிட்டேதான் இருந்தாரு, தெரியுமா? வெறுஞ் சுவரைப் பாத்துக்கிட்டே. நான் ஒருத்தி, குருடனுக்குச் சோறு ஊட்டுற மாதிரி பக்கத்துல உக்காந்திருப்பேன்.”

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“சொருகிட்டேன். அறையப் பூட்டிட்டு வேலைக்குக் கிளம்புறேன். இனிமே என்னைக் கூப்பிடாதீங்க.”

திரை ஒருமுறை கறுத்தது. பிறகு விரிந்தது, ஓரம் முதல் ஓரம் வரை, ஒவ்வொரு எழுத்தும் கூர்மையாக. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தாள்.

‘தங்கச்சி, நீ எடுத்துட்டுப் போனதுல இருந்து ஒண்ணும் தெரியல. தட்டுறது எழுத்தா விழுதான்னும் தெரியல. உன்மேல கோவமில்ல. திருப்பிக் குடு.’

கோபமில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பாவி, பாவி என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துவிட்டுக் கீழே பார்த்தாள். திருப்பிக் குடு. திருப்பிக் குடு. பக்கம் முழுக்க அதுவேதான். போகப் போக எழுத்துகள் இடம் மாறி, குழறி, கடைசியில் வெறும் மெய்யெழுத்துகளாகக் கிடந்தன. அவர் கை தளர்ந்த நாட்கள் அவை என்று அவளுக்குப் புரிந்தது.

கடைசி எழுத்துக்குப் பின்னால் கோடு ஒன்று கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. அது நகர்ந்தது.

‘வந்துடுச்சு.’

அண்ணி இன்னும் அங்கே இருக்கிறாளா? இல்லை. பூட்டிவிட்டாள். அவளே சொன்னாள்.

‘தெரியுது.’

மருந்து வாடை வந்தது. படுக்கைப் புண்ணுக்குப் போடும் களிம்பும், பழைய வேர்வையும், பூட்டிய அறையின் புழுக்கமும். இவள் வீட்டில் அந்த வாடைக்கு வழியே இல்லை. சுவரோரம் கைவிட்டு மின் கேபிளைப் பிடுங்கினாள். கையோடு வந்தது. மானிட்டர் அணையவில்லை.

பக்கம் மெல்ல வெளுத்தது. அதற்குப் பின்னால் ஓர் அறை. ஒரு கட்டில். கசங்கிய போர்வை. மேஜையிலிருந்து பார்த்தால் தெரிவது போலவே. இத்தனை காலம் மானிட்டர் நின்ற இடத்திலிருந்து.

கட்டில் காலி.

நாற்காலி இழுபடும் சத்தம்.

எழ நினைத்தாள். கால் இல்லை. இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லாதது போல மரத்துக் கிடந்தது. கத்தினாள். சத்தம் வெளியே வரவில்லை. திரையின் கண்ணாடியில் உள்ளிருந்து மோதி அவளிடமே திரும்பியது.

அவர் எதிரே உட்கார்ந்தார். வற்றிய முகம். கன்னத்தில் முள்ளு முள்ளாக நரைத்த தாடி. அவளை அடையாளம் தெரிந்த மாதிரியே இல்லை. பக்கத்தைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, போட்டுக்கொண்டார்.

அவள் கன்னத்தில் ஏதோ ஊர்ந்தது. சிறியது. குளிர்ந்தது. அம்புக்குறி போல முனை கூர்மையானது. மேலே போனது. நின்றது. இமையோரம் வந்தது.

அவர் குனிந்தார். பிழை தெரிந்துவிட்டது.

நகம் நீண்டது.

டக்.

அவள் கண்ணின் மேலேயே.

டக்.

வேலை முடியாமல் அவர் அணைக்கவே மாட்டார்.