கேட்காமல் விட்ட நாற்பத்தொன்று

பாலேசக்காவின் போனில் ஒரு மைக் நீலமாகியிருந்தது.

ஸ்ரீஸ்கந்தராசா கண்ணாடியைக் கழற்றி, சாரத்தில் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். நீலம்தான். பாலேஸ்வரி அக்கா கொட்டாஞ்சேனை வீட்டில் கண்மூடி இன்றைக்கு இருபத்தெட்டு நாள். தம்பியான இவருக்கு அவர் அனுப்பிய குரல் பதிவுகள் நாற்பத்தொன்றும், காலை வரைக்கும், சாம்பல் நிற மைக்குகளோடு வரிசையாகக் கிடந்தன. இப்போது முதலாவது மட்டும் நிறம் மாறியிருந்தது.

அனுப்பிய பதிவை மற்றப் பக்கத்தில் ஒருவர் போட்டுக் கேட்டால்தான் அந்த மைக் நீலமாகும். இதை ஸ்ரீஸ்கந்தராசாவைவிட நன்றாக அறிந்தவர் வெள்ளவத்தையிலேயே இல்லை. ஞாயிறு பத்திரிகை ஒன்றில் கைபேசிப் பக்கம் எழுதுகிறவர் அவர். இந்த வாரத் தலைப்பு: செய்திச் செயலிகளில் எது திறம்? விளம்பரக்காரர் கோபிப்பார்கள் என்று ஆசிரியர் செயலிகளின் பெயரைப் போட விடுவதில்லை. ஆகவே பச்சை, ஊதா, வெள்ளை என்றே எழுதுவார். கனடாவோடு கதைக்க ஊதா. டுபாயோடு கதைக்க வெள்ளை. சொந்தக்காரரிடமிருந்து ஒளிக்கப் பச்சை.

ஒளிக்கிற பந்தியில் அவருக்குச் சொந்த அனுபவம் அதிகம். பச்சையில் கடைசியாக வந்துபோன நேரத்தை மறைக்கலாம். வாசித்த அடையாளத்தை மறைக்கலாம். குரல் பதிவைக் கேட்டதை மட்டும் மறைக்க முடியாது, மைக் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கும் நிபுணர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கேட்காமல் விடுவது.

அக்கா ஓய்வுபெற்ற ஆசிரியை. மூன்று நிமிடத்துக்குக் குறைந்து அவருக்கு ஒரு பதிவும் அனுப்பத் தெரியாது. இரண்டு நாள் கழித்து ஸ்ரீஸ்கந்தராசா ஒரு கும்பிடு போடுவார். கீழே, "இப்பதான் பாத்தனான் அக்கா, சரியான பிஸி." அனுப்பிய கும்பிடுகளை எல்லாம் அடுக்கியிருந்தால் ஒரு கோயிலே எழும்பியிருக்கும்.

நாற்பத்தோராவது பதிவு வந்தது அக்கா கண்மூடிய அந்தச் சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பத்துக்கு. நாலு நிமிடம் பன்னிரண்டு விநாடி. மற்றதுகளைப் போலவே அதையும் விட்டுவிட்டார். அடுத்த நாள் காலை, அக்காவின் பக்கத்து வீட்டு மரியகொறற்றி கதவைத் தட்டிக் களைத்துப்போய் அவருக்குப் போன் எடுத்தார். நெஞ்சுவலி, உயிர் போனது முதல்நாள் பின்னேரம் ஐந்து மணியளவில் இருக்கும் என்றார் டொக்டர். கனடாவிலிருந்து ஓடிவந்த அக்காவின் மகன் அபிஷன் செத்தவீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"மாமா, அம்மா உங்களுக்கு ஒண்டும் அனுப்பேல்லையோ?"

"இல்லையடா தம்பி. அண்டைக்கு எனக்கு சிக்னலே இல்லை."

முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகத்துக்குப் படங்கள் எடுக்கவேண்டும் என்று அக்காவின் போனைக் கேட்டு வாங்கியவரும் அவர்தான். அந்தக் கடைசிப் பதிவை அழித்துவிட்டால் போதும். பிறகு யாருக்கும் தெரியாது.

"இஞ்சருங்கோ, நாலு மணிக்கு அபிஷன் வருவான், போனை எடுத்து வையுங்கோ," என்று சொல்லிவிட்டு மனைவி ரூபிகா சந்தைக்குப் போயிருந்தாள். "ஆராய்ச்சி எண்டு அந்த மனுசியின்ர போனையும் நாசமாக்கிப் போடாதேங்கோ."

அது ஒரு மணிக்கு. இப்போது வீட்டில் அவரும், சாப்பாட்டு மேசையில் அக்காவின் போனும், உள்ளறையில் சார்ஜில் கிடக்கும் அவருடைய போனும் மட்டுமே. வெளியே மழை பிடித்திருந்தது. கடல் பக்கத்து ஜன்னலால் உப்பும் துருவும் கலந்த காற்று வந்து திரைச்சீலையை ஊதிப் பெருக்கி, பிறகு உள்ளே ஆள் இல்லை என்று கண்டதுபோல் மெல்லக் கைவிட்டது. கீழே பாணந்துறைப் பக்கம் போகிற ரயில் கட்டடத்தை ஒரு தரம் உலுக்கிவிட்டுப் போனபின், குசினியில் கழுவிக் கவிழ்த்த கோப்பைகள் இன்னும் கொஞ்ச நேரம் ஒன்றோடொன்று கிணுகிணுத்தன.

இரண்டாவது மைக் நீலமானது.

ஏதோ தாமதமாய்ச் சேர்கிறது என்று தனக்குத்தானே சொன்னார். வாசகர் கேட்டால் அப்படித்தான் பதில் எழுதியிருப்பார். மூன்றாவது. நேரத்தைப் பார்த்தார். மூன்றாவதன் நீளம் மூன்று நிமிடம் ஐந்து விநாடி. நாலாவது நீலமாக அதே மூன்று நிமிடம் ஐந்து விநாடி எடுத்தது. யாரோ அவசரப்படாமல், ஒன்றையும் தாண்டிப் போகாமல், இருந்து கேட்கிறார்கள்.

தட்டிப் பார்த்தால் என்ன? இந்தப் போனில் கேட்டால் நிறம் மாறாது. பத்தாவதை அழுத்தினார்.

"தம்பி, நான்தான்," என்றது அக்காவின் குரல், ஏதோ வேறு யாரும் அனுப்பக்கூடும் என்பதுபோல. "இண்டைக்குப் புறக்கோட்டையில பயறு வாங்கப் போய் வழி மாறி, ஒரு போர்ட்டர் பொடியன் கையைப் பிடிச்சுக் கொண்டுவந்து பஸ்ஸில ஏத்திவிட்டவன். அவனுக்கு என்னைப் பாத்தா மூட்டை மாதிரித் தெரிஞ்சிருக்கும்." சிரிப்பு. பிறகு, "நீ கேக்கிறேல்லை எண்டு தெரியும். மைக் நிறம் மாறாமல் கிடக்கு. நீதானே பேப்பரில எழுதினனீ. பரவாயில்லை. அத்தான் இருக்கேக்க பேப்பரை வாசிச்சுக்கொண்டெண்டாலும் 'உம்' எண்டு சொல்லுவார். அந்த ஒரு 'உம்' இருந்தாக் காணும், ஒரு ஆளால கதைச்சுக்கொண்டிருக்கலாம்."

நிறுத்தினார். செத்தவீட்டிலும் வராத அழுகை இப்போதும் பாதி வழியிலேயே நின்றது.

உள்ளறைக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

"உம்."

தாழ்ந்த, பொறுமையான சத்தம். கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு மனிதனின் சத்தம்.

மழைதான் என்றார். குழாய் என்றார். மின்விசிறியின் குற்றம் என்றார். மின்விசிறி நின்றிருந்தது. எழும்பிப் பார்க்கலாம். பத்தடிதான். நிபுணர் எழும்பவில்லை; மேசைக்குக் கீழே காலை மடக்கிக்கொண்டு, நீலம் ஒவ்வொன்றாய் இறங்கி வருவதைப் பார்த்தபடி இருந்தார். இருபது. இருபத்தொன்று. அறையில் இடைக்கிடை "உம்." அக்கா பகிடி விட்டிருக்கக்கூடிய இடங்களில் மெல்லிய சிரிப்பு.

அந்தச் சிரிப்பை அவருக்குத் தெரியும். அவருடையது.

மூன்றே முக்காலுக்கு நாற்பதாவது தொடங்கியது. அடுத்தது கடைசி. அழிக்கவேண்டும். விரலை வைத்து அழுத்தினார். அழிக்கவா என்று போன் கேட்டது. இதை அழித்தால் அக்கா கடைசியாகச் சொன்னதை இந்த உலகத்தில் ஒருவரும் கேட்கப்போவதில்லை; தன் போனில் கிடப்பதைத் தானும் தொடமாட்டார் என்று அவருக்குத் தெரியும். விரலை எடுத்தார்.

போனைப் பிடித்தபடி அறைக்குப் போனார். வாசலைத் தாண்டி ஒரு அடி.

கட்டிலின் ஓரத்தில் ஒருவர் இருந்தார். அவருடைய சாரம். அவருடைய கூன். காதில் அவருடைய போன். கன்னம் முழுக்க ஈரம்.

"உம்," என்றார் மற்றவர்.

போனுக்குள்ளிருந்து அக்கா, மூச்சு வாங்கி வாங்கி: "...பயப்பிடாதை தம்பி... நெஞ்சுதான்... நீ பிஸியா இருப்பாய்... எண்டாலும் ஒருக்கா வந்திட்டுப் போ..."

"வாறன் அக்கா," என்றார் மற்றவர். "இந்தா வெளிக்கிட்டிட்டன்."

ஸ்ரீஸ்கந்தராசாவின் கையில் கடைசி மைக்கும் நீலமாகியிருந்தது. அதன் விபரத்தைத் தட்டினார். பழக்கதோஷம். கேட்கப்பட்ட நேரம்: அந்தச் சனிக்கிழமை. மத்தியானம் இரண்டு பதினொன்று.

வாசல் மணி அடித்தது.

மற்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். அவரைத் தாண்டித்தான் போனார். சவர்க்கார மணம். உடம்பின் சூடு. ஒரு பார்வைகூட இல்லை.

கதவு திறந்தது. "மாமா!" அபிஷனின் குரல். பின்னால் செருப்புகள் தேய்ந்து தேய்ந்து வந்தன.

"லிப்ட் வேலை செய்யேல்லையடா தம்பி. ஆஸ்பத்திரியில இருந்து தப்பி வந்தவளை உங்கட படிக்கட்டு கொண்டுபோடப் பாக்குது."

பாலேசக்கா. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. சிரித்துக்கொண்டு. மற்றவரின் தோளைப் பிடித்துக்கொண்டு.

"அக்கா," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. உதடு அசைந்தது. சத்தம் இல்லை. மறுபடி. இல்லை.

அக்கா அறை வாசலுக்கு வந்து உள்ளே பார்த்தார். நேராக அவரை. கண்கள் அவர் மேல் பட்டு, நிற்காமல், ஜன்னலுக்குப் போயின.

"என்னடா இந்த அறை, பிணவறை மாதிரிக் குளிருது," என்று கதவை இழுத்துச் சாத்தினார்.

இருட்டு. கைப்பிடியைத் தேடினார். தடவினார். இடதில். வலதில். கீழே. கதவு இருந்த இடத்தில் ஈரச் சுவர்.

சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா ஒரு நீண்ட கதையைத் தொடங்கினார். யாரோ "உம்" என்றார்.