கடைசியாக எழுதியவர்

வாசனைத் திரவியம் கலக்கும் அந்தப் பழைய கூடத்தைத் தம்பி திறந்தபோது வெளியே நல்ல வெயில். உள்ளே விளக்கு போட்டால்தான் கண் தெரியும். தடித்த சுவர், உயரத்தில் ஒரே ஒரு சின்ன ஜன்னல். அக்காவும் தம்பியுமாக நடத்திய தொழில். மூக்கு அக்காவுடையது, வாய் தம்பியுடையது. அக்கா கலக்குவாள், தம்பி கோட்டு மாட்டிக்கொண்டு போய் விற்பான். போன மாதம் அக்கா செத்துப்போனாள். இப்போது மூக்கும் தன்னுடையதுதான் என்று தம்பி சொல்லிக்கொண்டு திரிந்தான்.

சொன்னால் போதாது, காட்ட வேண்டும். சாயங்காலம் ஒரு பெரிய கம்பெனியின் ஆட்கள் வருகிறார்கள். அக்காவின் விக்கியைத் தம்பியின் உழைப்பு என்று நம்பி வாங்கிப் போகப் போகிறார்கள்.

விக்கி என்றால் அவள் தனக்காகக் கட்டிவைத்திருந்த குறிப்புப் பக்கங்கள். ஒரு மரப்பட்டையின் பெயரைத் தொட்டால் அது சேரும் கலவைக்குப் போகலாம். கலவையைத் தொட்டால் அது கெட்டுப்போன கதைக்குப் போகலாம். லேப்டாப், டேப்லெட், இருவர் போன் என்று எல்லாவற்றிலும் ஒரே எழுத்து இருக்கும்படி சிங்க் செய்துவைத்தவளும் அவள்தான். எல்லாம் கீழே சரக்கு அறையில் ஓயாமல் ஓடும் ஒரு பழைய கம்ப்யூட்டர் வழியாகப் போய் வரும். ஒரே பக்கத்தை ரெண்டு பேர் திருத்தினால் என்ன ஆகும் என்று அவன் ஒருநாள் கேட்டான்.

"கடைசியா யார் எழுதுறாங்களோ, அவங்க எழுத்துதான் தம்பி நிக்கும்."

அந்த விதி அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. செத்தவள் எழுதப் போவதில்லை அல்லவா?

லேப்டாப்பில் உட்கார்ந்து, பக்கத்துக்குப் பக்கம் அடியில் இருந்த அவள் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டான். முடித்துவிட்டு முதல் பக்கத்துக்கு வந்தான்.

அவள் பெயர் இருந்தது.

சிங்க் ஏதோ மக்கர் செய்கிறது என்று மறுபடி மாற்றினான். கண் முன்னாலேயே எழுத்து எழுத்தாக அவன் பெயர் அழிந்தது. மேலே சின்னதாக ஒரு வரி: கடைசித் திருத்தம், அக்கா போன், இப்போது.

அந்தப் போனை அவன் சுத்தியலால் நொறுக்கி ஆற்றில் போட்டிருந்தான். காரணம் இருந்தது. விற்கமாட்டேன் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். சண்டையின் நடுவே அவள் சரக்கு அறைக்குள் போனபோது வெளித் தாழ்ப்பாளைப் போட்டவன் அவன். அக்கா தட்டினாள். "கொஞ்ச நேரம் இரு," என்று கதவோடு சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டான். உள்ளே ஸ்பிரிட் ஜாடி உடைந்தது அவனுக்குக் கேட்டது. கேட்டும் போகவில்லை. கடைசியில் திறந்தபோது ஸ்பிரிட் நெடியில் மூச்சடைத்துச் செத்துக்கிடந்தாள், கையில் போன் இருந்தது. அதில் ஒரு பக்கம், கீழே சிக்னல் இல்லாததால் எங்கும் போகாமல் நின்றிருந்தது. கதவு தானாகச் சாத்திக்கொண்டது என்று ஊரை நம்பவைத்துவிட்டான்.

இப்போது அந்தப் பக்கம் லேப்டாப்பில் தானாகத் திறந்தது.

'கதவு வெளிய பூட்டியிருக்கு. ஜாடி உடைஞ்சிருச்சு. மூச்சு முட்டுது. மேல நடக்குற சத்தம் கேக்குது.'

ஆற்றுச் சேற்று வாடை வந்தது.

விருந்தாளிகளுக்குக் கண்ணாடி டம்ளர் துடைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி டேப்லெட்டைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "என்னங்க, இதுல யாரோ எழுதிட்டு இருக்காங்க."

தொடாதே என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினான். அந்தப் பழைய கம்ப்யூட்டரைப் பிடுங்கிவிட்டால் தீர்ந்தது. இந்தப் பக்கத்தைக் கம்பெனிக்காரர்கள் பார்த்தால் விற்பனை மட்டுமா போகும், கழுத்துக்கே கயிறு வரும். ஜாக்கிரதைக்காரன், நிறைந்த பீப்பாய் ஒன்றை உருட்டிவந்து கதவு சாத்திக்கொள்ளாதபடி முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனான்.

நெட் கேபிளைப் பிடுங்கினான். கரண்ட் ஒயரையும் பிடுங்கினான். திரை அணைந்தது.

கம்ப்யூட்டரின் விசிறி மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

பின்னால் பீப்பாய் மெதுவாக நகரும் சத்தம். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

எங்கோ ஒரு ஜாடி உடைந்தது. அலமாரியில் அன்றைக்குப் பிறகு ஜாடியே வைக்கவில்லை. ஆனாலும் ஸ்பிரிட் நெடி மூக்கில் ஏறி, கண்ணில் நீர் கொட்டியது. கதவை உதைத்தான், கத்தினான். போனை எடுத்துப் பார்த்தான், சிக்னல் இல்லை. வேறு வழி தெரியாமல் விக்கியிலேயே 'கதவைத் திற' என்று அடித்தான். அனுப்பக் காத்திருக்கிறது என்றது போன்.

தலைக்கு மேலே மனைவி நடக்கும் சத்தம் கேட்டது.

பிறகு யாரோ ஈரக் காலோடு படியில் இறங்கி வந்தார்கள். கதவுக்கு வெளியே நின்றார்கள்.

"நீயா?" என்றான். "சீக்கிரம் திற."

கதவோடு வாய் வைத்து ஒரு குரல் சொன்னது.

"கொஞ்ச நேரம் இரு, தம்பி."

சாயங்காலம் ஆட்கள் வந்து, தேடி, கீழே இறங்கினார்கள். தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை, கதவு லேசாகத் தள்ளியதும் திறந்தது. பீப்பாய் அதன் பழைய இடத்திலேயே இருந்தது. அவன் கையில் இருந்த போனிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டியது.

எல்லாரும் போனபின் மனைவி அழுது முடித்து, டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டாள். புருஷன் போனாலும் விற்பனை போகக் கூடாது என்று நினைத்தாள். பழைய கம்ப்யூட்டர் ஒயர் பிடுங்கிக் கிடக்கிறது, இனி எங்கிருந்தும் எதுவும் வராது. அந்தக் கதவுப் பக்கத்தை முழுசாக அழித்தாள். வெள்ளைத் திரை அப்படியே இருந்தது. அப்பாடா என்று மூச்சுவிட்டாள்.

சேற்று வாடை வந்தது.

எழுத்து எழுத்தாக ஒரு வரி ஓடியது.

'அன்னைக்கு மேல நடந்த சத்தம் ரெண்டு பேரோடது.'