நெட்டையனைக் காணோம்

வியாழக்கிழமை காலை. கையில் வெள்ளை ரிப்பன் சுருளோடு மேல்வயலுக்குப் போன கெரென்சா, கல்வட்டத்தின் நடுவில் நின்று ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு கீழே வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மகளுக்குக் கேட்கும்படி ஒரு கத்தல் போட்டார்.

"டேகன்! எந்திரிச்சு வாடீ! நெட்டையனைக் காணோம்!"

நெட்டையன் ஆளல்ல, கல். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வாலில் ஆதிகாலத்துக் கல்வட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எங்கள் ட்ரென்வோஸ் ஊரில் இருப்பது புதுசு. கெரென்சாவின் கணவர் டிகரி, தன் நிலத்தில் ஏர்முனைக்குத் தட்டுப்பட்ட கருங்கற்களை வருஷத்துக்கு ஒன்று இரண்டாக நட்டு உண்டாக்கியது. கடைசிக் கல்லை நட்ட அதே மாதம் புற்றுநோயில் மனிதர் போய்ச் சேர்ந்தார். அந்தக் கடைசிக் கல்தான் நெட்டையன். ஆளுயரத்துக்கு மேலே இன்னும் ஒரு முழம் நிற்கும்.

சனிக்கிழமை டேகனுக்கு அந்த வட்டத்துக்குள் கல்யாணம். மாப்பிள்ளை பெரான், பக்கத்துப் பண்ணை ஹெட்லியின் மகன். பெண்ணும் மாப்பிள்ளையும் நெட்டையன் மேல் முதுகு சாய்த்து நின்று உறுதிமொழி சொல்ல வேண்டும் என்பது டேகனின் ஆசை. அப்பா கூட நிற்கிற மாதிரி இருக்குமாம்.

இப்போது அந்த இடத்தில் வெறும் புல். குழியில்லை, பள்ளமில்லை.

யார் எடுத்தது என்று யோசிக்கக் கெரென்சாவுக்கு அரை நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை.

"வேற யாரு? அந்த ஹெட்லிதான்! டிகரி போனதுலேர்ந்து இந்த வட்டத்துக்குள்ள ஒரு தடவை கால் வச்சிருக்கானா? கல்லைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போவான். சேந்து நட்டவன்தானே! சிநேகிதன் போனதும் சிநேகிதன் வச்ச கல்லும் கசந்துபோச்சு."

"அம்மா, அவர் என் மாமனார் ஆகப்போறவரு."

"ஆகப்போறவரு! கல்லு திரும்பி வரலேன்னா கல்யாணமும் கிடையாது. திருடன் வீட்டுக்குப் பொண்ணு குடுக்கறதுக்கா உன்னை வளத்தேன்?"

டேகன் அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். சம்பந்திச் சண்டை கல்யாணத்துக்குப் பிறகு வருவதுதான் உலக வழக்கம். எங்கள் ஊரில் எல்லாமே கொஞ்சம் முந்திக்கொள்ளும்.

*

போலீஸ் சார்ஜென்ட் லவ்டே பத்து மணிக்கு வந்து சேர்ந்தாள். இதே ஊர்ப் பெண். பேச்சு குறைவு, பார்வை அதிகம். பாதி தின்ற குங்குமப்பூ பன் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும்.

"கடைசியா எப்ப பாத்தீங்க, அத்தை?"

"நேத்து சாயங்காலம். பந்தல்காரங்க போனப்புறம்."

"கல்லு எவ்வளவு கனம் இருக்கும்?"

"ஒரு டன்னுக்குக் குறையாது. அவன்கிட்ட டிராக்டர் இருக்கு, சங்கிலி இருக்கு. இன்னும் என்ன வேணும் உனக்கு? போய்ப் பிடிச்சு உள்ள போடு!"

லவ்டே வயலைச் சுற்றி நடந்தாள். வண்டி நுழைய ஒரே வாசல். அதை உள்பக்கமாக அடைத்துக்கொண்டு நின்றது நேற்றுப் போட்ட கல்யாணப் பந்தல். ஒரு கயிறுகூட அவிழவில்லை. இன்னொரு பக்கம், நடைப்பயணிகளுக்கான சுழல் கதவு. மனிதன் நெளிந்து நுழையலாம், கன்றுக்குட்டி நுழையாது. மற்றபடி நாலு பக்கமும் கல்லும் மண்ணும் சேர்த்துக் கட்டிய வேலிமதில். அதன் தலையில் ஊதாப் பூச்செடிகள் வரிசையாக நிமிர்ந்து நின்றன. ஒரு தண்டுகூட ஒடியவில்லை. மதிலடியில் ஓரிடத்தில் மட்டும் புது மண் சிதறிக் கிடந்தது.

"முயல் பண்ற வேலை," என்றார் கெரென்சா.

வாரக்கணக்கில் மழை இல்லை. வயல் முழுக்கப் புல் காய்ந்து ரொட்டி நிறத்தில் கிடந்தது. தரை அங்கங்கே விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. மதிலோரம் நல்ல நிழல் இருந்தும் கெரென்சாவின் ஆடுகள், நெட்டையன் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் வெயிலில் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்திருந்தன. 'ஏய், போ' என்று டேகன் விரட்டினாள். எழுந்து போய், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அதே இடத்தில் வந்து படுத்துக்கொண்டன.

வட்டத்துக்குள் ஒரு பெண்மணி செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தார். வினிஃப்ரெட். பிரிஸ்டலில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்வட்டம் கல்வட்டமாகப் போய்ப் பார்ப்பதே அவருக்கு வேலை. எங்கே போனாலும் வெறுங்கால்தான். ஒவ்வொரு கல்லையும் தொட்டு, 'சௌக்கியமா' என்று கேட்பார்.

"நீங்க ஏதாவது பாத்தீங்களா?" என்று கேட்டாள் லவ்டே.

"நான் கண்ணால பாக்கறதில்லைம்மா, காலால பாக்கறேன். அந்தக் கல்லு எங்கேயும் போகலை. அது நின்ன இடத்துப் பக்கத்துல மண்ணு உயிரோட இருக்கு. ஜில்லுனு ஏறுது. கல்லு நின்ன அதே இடத்துல மட்டும் புல்லு பட்டு மாதிரி இருக்கு, தெரியுமா? கால் கூசுது."

கெரென்சா தலையில் அடித்துக்கொண்டார். "வெயில்ல தொப்பி போடாம நடந்தா எல்லாம்தான் உயிரோட இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். லவ்டேயும் சிரித்தாள். பன்னில் ஒரு கடி கடித்துக்கொண்டு ஆடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

*

அன்று மதியம் ஹெட்லியைத் தேடிப் போனபோது, அவர் புல்லில் பந்தை உருட்டி ஆடுகிற ஊர்ச் சங்க மைதானத்தில் இருந்தார். பண்ணை வேலை போக, அந்தப் புல்தரையைப் பராமரிப்பதும் அவர்தான். வருஷம் பூராவும் சீவி, உருட்டி, பச்சைக் கம்பளம் போல வைத்திருப்பார். இந்தக் கோடையில் குழாய் பிடித்துத் தண்ணீர் பாய்ச்சத் தடை போட்டுவிட்டதால் அதுவும் வறண்டு பழுப்பேறியிருந்தது. ஒரு மூலையில் சாக்கு விரித்து நாலு பக்கமும் கல் வைத்திருந்தார்.

"பந்து விளையாட வந்தியா, இல்ல விலங்கு மாட்ட வந்தியா?" என்றார் ஹெட்லி.

"கல்லை எடுத்தீங்களா, மாமா?"

"அந்த வயலை விட்டு ஒரு கூழாங்கல்லைக்கூட நான் வெளியே கொண்டுபோனதில்லை. பைபிள் குடு, கை வச்சுச் சொல்றேன்."

"அப்ப யார் எடுத்திருப்பாங்க?"

"எனக்கெப்படித் தெரியும்? தோட்டத்துக்குக் கல்லு வாங்கறவன் ஒருத்தன் போன மாசம் வந்து விலை கேட்டானாமே, அவனைப் பிடி."

"பந்தலைத் தாண்டி அவன் எப்படிக் கொண்டுபோவான்? ஆகாசத்துலயா?"

ஹெட்லி சாக்கின் மேல் இருந்த கல்லைக் காலால் நகர்த்தி நேராக வைத்தார். முகம் வாடியிருந்தது. "அந்தப் புள்ளைங்க கல்யாணம் நின்னுடக் கூடாது, லவ்டே. என் களத்துல வச்சுக்கலாம்னு கெரென்சாகிட்ட சொல்லிப் பாரு. நான் போனா வாயைத் திறக்கவே விடமாட்டா."

"வட்டத்துக்குள்ள ஏன் மாமா போறதே இல்லை?"

"பிடிக்கலை. அவ்வளவுதான்."

வாசல்வரை கூடவே வந்தார். மைதானத்தை ஒட்டிய அவர் கொல்லையில் அவரைக்கொடியும் தக்காளியும் தண்ணீர் காணாமல் துவண்டு தலை தொங்கிக் கிடந்தன. கதவோரம் இரண்டு பெரிய பூவாளிகள். லவ்டே குனிந்து ஷூ நாடாவைக் கட்டுகிற சாக்கில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். அடி ஈரமாக இருந்தது.

*

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கல்வட்டத்துக்கு வர வேண்டும் என்று லவ்டே சொல்லி அனுப்பியிருந்தாள். கெரென்சா கையைக் கட்டிக்கொண்டு ஒரு பக்கம். ஹெட்லி வட்டத்துக்கு வெளியே, உள்ளே வராமல். நடுவில் டேகனும் பெரானும், ஒருவர் கையை ஒருவர் விடாமல். வினிஃப்ரெட் அழைப்பில்லாமலே வந்திருந்தார்.

"முதல்ல எல்லாரும் செருப்பைக் கழட்டுங்க," என்றாள் லவ்டே.

"உனக்கும் பைத்தியம் பிடிச்சிருச்சா?" என்றார் கெரென்சா.

"கழட்டுங்க அத்தை. அஞ்சு நிமிஷம்."

ஹெட்லியைத் தவிர மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார்கள். லவ்டே ஆடுகளை விரட்டிவிட்டு, அவை படுத்திருந்த இடத்தில் அவர்களை நிற்க வைத்தாள். முதலில் டேகனின் முகம் மாறியது.

"ஐயோ, ஈரமா இருக்கே!"

"இந்த வெயில்ல ஊரே காஞ்சு கிடக்கு. இந்த ஒரு இடத்துல மட்டும் தண்ணி ஊத்தியிருக்காங்க. அதுதான் ஆடு நிழலை விட்டுட்டு இங்க வந்து படுக்குது. நாம எல்லாரும் ஆட்டை விரட்டினோமே தவிர, அது ஏன் திரும்பி வருதுன்னு யாரும் கேக்கலை. வெட்டி எடுத்துத் திரும்பப் பதிச்ச புல்லுக்குத் தண்ணி ஊத்தலேன்னா ஒரே நாள்ல சுருண்டு, கோடு காட்டிக் குடுத்துரும். கல்லு பந்தலைத் தாண்டியும் போகலை, மதிலைத் தாண்டியும் போகலை. நம்ம காலடியிலதான் படுத்திருக்கு."

எல்லோரும் குனிந்து காலடியைப் பார்த்தார்கள். வினிஃப்ரெட் மட்டும், 'நான் அப்பவே சொல்லலை?' என்றார்.

"கல்லு நட்டப்ப அதைச் சறுக்கி இறக்க ஒரு சரிவுக்குழி வெட்டியிருப்பாங்க. அந்த மண்ணு இன்னும் இளகல்தான். அதையே கல்லு நீளத்துக்குத் திரும்ப வெட்டி, கல்லை அதுல சாய்ச்சு, மேல புல்லை மூடியாச்சு. மிஞ்சின மண்ணு மதிலடியில கிடக்கு, முயல் தலையில பழி. ஆனா கல்லு நின்ன இடத்துல புல்லே கிடையாதே? அதுக்கு வெளியிலேர்ந்து ஒரு துண்டு வேணும். வினிஃப்ரெட் அம்மா காலுக்குக் கூசின பட்டுப்புல் அதுதான். வயல்ல அந்த மாதிரி புல்லு முளைக்காது. நம்ம ஊர்ல அது ஒரே ஒரு எடத்துலதான் இருக்கு, அங்க ஒரு மூலையைச் சாக்கு போட்டு மூடி வச்சிருக்கு."

அவள் திரும்பினாள். "உங்க மைதானமும் காயுது, அவரைக்கொடியும் வாடுது, பூவாளி மட்டும் நனைஞ்சிருக்கு. கொல்லைக்கு ஊத்தாத தண்ணியை எங்க ஊத்தினீங்க, ஹெட்லி மாமா? வயலை விட்டு வெளியே கொண்டுபோகலைன்னு சொன்னீங்க. வாஸ்தவம். பொய் சொல்ல வராத மனுஷன் நீங்க."

"நான்தான் சொன்னேனே!" கெரென்சா ஹெட்லியின் பக்கம் திரும்பினார். "எதுக்குடா பண்ணின? அவன் வச்ச கல்லு உனக்கு என்னடா பண்ணிச்சு?"

ஹெட்லி தரையைப் பார்த்தபடி நின்றார். மகனைப் பார்த்தார். பெரான் முகத்தைப் பார்க்க முடியாமல் மறுபடியும் தரையைப் பார்த்தார்.

"யார், எப்படிங்கறதுதான் என் வேலை," என்றாள் லவ்டே. "ஏன்னு நீங்கதான் சொல்லணும். இப்பச் சொல்லலேன்னா நாளைக்குக் கல்யாணம் இல்லை."

ஹெட்லி வாய் திறந்தார். "ஆடிச்சு, கெரென்சா."

"என்ன ஆடிச்சு?"

"நெட்டையன். பந்தல் போட்டப்ப வேலியோரம் நின்னு பாத்தேன். ஆடு உரசினதுக்கு ஆடிச்சு. தரை வெடிச்சதுல பிடிமானமே போச்சு. ரெண்டு புள்ளைங்களும் அதுல முதுகைச் சாய்க்கப் போகுதுங்க... மூணுல ஒரு பங்கு கல்லு மண்ணுக்குள்ள இருக்கணும். அது ஒரு முழம்கூட இல்லை. நட்ட அன்னைக்கே எனக்குத் தெரியும். டிகரியால மண்வெட்டியைத் தூக்க முடியலை. என்னையும் தொட விடலை, இது என் கல்லுன்னுட்டான். சாகக் கிடக்கிறவன்கிட்ட, 'உன் குழி ஆழம் பத்தாது'ன்னு எப்படிச் சொல்றது? அன்னைக்கு வாயை மூடினவன்தான். அதுக்கப்புறம் இந்தக் கல்லை ஏறிட்டுப் பாக்கவே எனக்குத் தைரியம் வரலை. உன்கிட்ட வந்து, உன் புருஷன் கடைசியா செஞ்ச வேலை சரியில்லைன்னு சொல்லவா? திருடன்னே நீ நெனச்சுக்க. கல்யாணம் முடிஞ்சதும் எடுத்து ஒழுங்கா நட்டுடலாம்னு இருந்தேன்."

டேகன் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரான் வட்டத்தைத் தாண்டிப் போய் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

கெரென்சா வெறுங்காலோடு அந்த ஈரப்புல்லில் நின்றிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"எனக்குத் தெரியும், ஹெட்லி," என்றார்.

"என்னது?"

"ஆழம் பத்தாதுன்னு. அவன் இன்னும் வெட்டணும்னுதான் சொன்னான். மூச்சு வாங்கிச்சு. எனக்குப் பொறுக்கலை. 'போதும், உள்ள வா, சூப் ஆறுது'ன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தவ நான்தான். இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லலை. உனக்குத் தெரிஞ்சா நீ அவனைக் குறைவா நெனச்சிடுவியோன்னு பயந்தேன்."

ஹெட்லி மெதுவாகக் குனிந்து, இன்னும் கழற்றாத தன் பூட்ஸைக் கழற்றினார். வட்டத்துக்குள் வந்தார்.

"எல்லாம் சரி, என்ன கேஸ் எழுதறது நான்?" என்றாள் லவ்டே. "கல்லைப் படுக்க வச்சதுக்குச் சட்டத்துல ஒண்ணும் இல்லை."

"பன் தின்னதுக்கு எழுதிக்கோ," என்றார் கெரென்சா, அழுகையும் சிரிப்புமாக.

*

சனிக்கிழமை கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தில் பாதிப் பேர் கோட்டைக் கழற்றிப் பந்தல் கம்பியில் மாட்டிவிட்டுக் கயிறு பிடித்தார்கள். மாப்பிள்ளையும் பிடித்தான். வினிஃப்ரெட் கல்லை நலம் விசாரித்துவிட்டுக் கயிற்றின் வால் பக்கம் நின்றுகொண்டார். பாதிரியார் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், கடைசியில் அவரும் பிடித்தார்.

ஹெட்லி குழிக்குள் நின்று வெட்டிக்கொண்டிருந்தார். புதுச்சட்டை முழுக்க மண். இடுப்பளவு ஆழம் போனதும் நிமிர்ந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தார்.

"இனி நெட்டையன் நெட்டையா இருக்கமாட்டான், கெரென்சா. மத்த கல்லெல்லாம் இவனைவிட ஒசரமா நிக்கும். போதுமா?"

கெரென்சா குழியின் விளிம்பில் உட்கார்ந்து, நல்ல பட்டுப் பாவாடை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் காலை உள்ளே தொங்கவிட்டுக்கொண்டார்.

"இன்னும் வெட்டு," என்றார். "சூப் ஆறினா ஆறட்டும்."